ஐந்து மாத அண்ணன்

"அண்ணன் எண்டு எழுது. இதில என்ன யோசினை—"

"எழுத ஏலா அப்பா, அதைத்தான் சொல்ல வாறன்—"

"வாய் திறந்தா அண்ணா, அண்ணா எண்டுதானே கூப்பிடுறாய்—"

"கூப்பிடுறது வேற, எழுதிக் கையெழுத்து வைக்கிறது வேற. என்னைக் கொஞ்சம் கதைக்க—"

"வேற எண்டால்? அவன் உனக்கு அண்ணன் இல்லையா?"

"நான் சொல்லி முடிக்கட்டும் அப்பா."

"நீ முடிச்சா மறுகா நான் என்னத்தைச் சொல்றது?"

றோசலின் அடுப்பை அணைத்தாள். பிட்டின் ஆவி அடங்கினாலும் தகப்பன் செபமாலையும் மகள் செலீனும் அடங்கப் போவதில்லை. காலை ஆறரை மணி. கீழே மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் தெருவில் பஸ்கள் பங்குனி மாதத்துச் சேற்றுப் பனியை வாரி நடைபாதையில் எறிந்துகொண்டு போயின. செபமாலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். மூன்று மாடி கூட்டித் துடைக்கிற வேலை. செலீனுக்கு எட்டரைக்கு வகுப்பு. மேசையில் பிட்டுக் கோப்பையை வைக்க இடமில்லை. நடுவில் நாலு பக்கத் தாள் ஒன்று விரிந்து கிடந்தது.

அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு கிழமைக் கதை இருந்தது. மகள் தாதி வேலைக்குப் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் செபமாலை. அவள் சீஜெப்பில் படிப்பது பொலிஸ் படிப்பு என்பது போன ஞாயிறு கோயில் வாசலில் வேறொருவர் வாயால்தான் அவருக்குத் தெரியவந்தது. பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இந்த ஊரில் இருக்கிற கல்லூரிக்கு சீஜெப் என்று பெயர். அங்கே தச்சு வேலையும் படிக்கலாம், தாதி வேலையும் படிக்கலாம், பொலிஸ் வேலையும் படிக்கலாம் என்பது மட்டக்களப்பிலிருந்து வந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நாலாம் நாள், "குளிருக்கு நல்ல சப்பாத்துக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். அதோடு சம்மதம் முடிந்தது.

ஆறாம் நாள் இந்தத் தாள் வந்தது.

இரண்டாம் வருடத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு மாணவரின் வீட்டையும் குடும்பத்தையும் பொலிஸ் திணைக்களம் விசாரிக்கும். தாளைக் கொடுக்காதவருக்கு இடமில்லை. கடைசி நேரம் இன்று பின்னேரம் நாலு மணி. தகப்பன் பெயர், தாய் பெயர், வந்த திகதி, விலாசம் எல்லாம் செலீன் அச்சுப் போல எழுதிவிட்டாள். சகோதரர் என்ற ஒரு வரி மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"சரி," என்றாள் செலீன். "அண்ணன் எண்டே எழுதுறன். அண்ணன்ட பிறந்த நாளைச் சொல்லுங்க."

"அறுபத்தெட்டு, பங்குனி பன்ரெண்டு."

"என்ட?"

"அறுபத்தெட்டு, ஆவணி இருபது. பெத்த தகப்பனிட்டக் கேக்கிற கேள்வியா இது?"

"ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்க. எங்கட வாத்தியார் ஒரு மாசமா இதைத்தான் படிப்பிக்கிறார். ரெண்டு தாள் கிடைச்சா ரெண்டையும் பக்கத்தில வை, வரிக்கு வரி விரலை வைச்சுப் பார் எண்டு."

செபமாலை மேசையின் கீழே விரல்களை மடக்கினார். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. ஒரு கை முடிந்தது. மற்றக் கைக்கு வேலை இருக்கவில்லை.

"ஐஞ்சு மாசம்," என்றாள் செலீன். "ஒரு தாய்க்கு ஐஞ்சு மாசத்தில ரெண்டு பிள்ளை. அம்மாவை ஆஸ்பத்திரியில வைச்சு ஆராய்ச்சி செய்வாங்க."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "றோசலின், உனக்கு இது தெரியுமாகா?"

"பெத்தவள் நான். எனக்கு மாசம் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"விசா வந்த பிறகுதானே தாளையே காட்டினீங்க. மறுகா என்னத்தைச் சொல்ல?"

செலீன் அண்ணா என்று கூப்பிடுகிற யோசெப், செபமாலையின் தம்பி மகன். அவன் நடை பழகும் முன்னே தாய் காய்ச்சலில் போனாள். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் சுவர் விழுந்து தகப்பனும் போனான். அப்போது பத்து வயது. அன்று முதல் இந்த வீட்டுச் சோறு. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெறாமகன் என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. கல்யாணக் கார்டில் அச்சடிக்க அது உதவும். சோறு போடுகிற வீட்டில் அதை யாரும் உச்சரிப்பதில்லை. மகன் என்பார்கள், விஷயம் முடிந்தது.

செபமாலை முதலில் தனியாக மொன்றியலுக்கு வந்து, பிறகு குடும்பத்தைக் கூப்பிடப் படிவம் நிரப்பினார். நிரப்பிக் கொடுத்தவர் கனகசிங்கம். டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்டில் சமையல் வேலை, ஆனால் பிரெஞ்சு தெரிந்தவர். "பிள்ளையள் எத்தினை?" என்று கேட்டார். "ரெண்டு," என்றார் செபமாலை. பதினாறு வயதுப் பொடியனைத் தனியே விட்டுவைக்கிற ஊராக அப்போது மட்டக்களப்பு இருக்கவில்லை. கனகசிங்கம் இரண்டு பேரையும் செபமாலையின் பெயரில் எழுதினார். பிறந்த திகதிகளை மட்டும் செபமாலை உள்ளபடியே சொன்னார். ஞானஸ்நானப் புத்தகத்தில் இருப்பதை மாற்றிச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. எந்த அதிகாரியும் விரல் விட்டு எண்ணவில்லை. மூன்று வருடம் ஓடிவிட்டது.

"நான் பொய் சொல்லல்ல," என்றார் இப்போது. "தமிழில கேட்டாங்க, தமிழில சொன்னன்."

"அவங்க பிரெஞ்சிலதானே அப்பா எழுதினாங்க."

"அப்ப என்னெண்டு எழுதப் போறாய்?"

"ஒண்டுவிட்ட சகோதரன் எண்டு."

"எழுது. வடிவா எழுது. போன மாசத்தோட மூண்டு வருசம் முடிஞ்சுது, நாலு பேரும் சிட்டிசன் கேக்கப் போறம், இந்த நேரம் பாத்து நீ அவனைக் காட்டிக் குடு. படிச்சு முடிய முதலே உனக்கு ஒரு கேஸ் கிடைச்சிட்டுது."

செலீனுடைய முகம் மாறியதை றோசலின் கண்டாள். செபமாலையும் கண்டிருக்க வேண்டும். ஆனால் அவர் அதற்குள் சப்பாத்துக்குள் காலை நுழைத்துவிட்டார். "அண்ணன் எண்டு எழுதாட்டி அந்தத் தாளைக் குடுக்காத," என்று கதவடியில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

செலீன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ புள்ள."

"வேணாம் அம்மா."

"அவர் சொன்னதை மனசில வைக்காத."

"அவர் சொன்னது சரிதானே அம்மா. எழுதினா அண்ணாவுக்குக் கரைச்சல். எழுதாட்டி எனக்கு. மாத்தி எழுதினா, அவங்க பழைய தாளை எடுத்துப் பக்கத்தில வைச்ச உடனே எல்லாருக்கும்."

அவள் போன பிறகு பிட்டை மூடி வைத்துவிட்டு றோசலினும் வேலைக்குப் போனாள். அவளுக்கு கார்டரி என்கிற பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் சமையல், நாற்பது சின்னப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. அன்றைக்குக் கரட் வெட்டிக்கொண்டே இருந்தவள், போதும் போதும் என்று கூட வேலை செய்கிறவள் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினாள்.

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது யோசெப் மேசையில் இருந்து ஆறின பிட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை அவனுக்கு. விடிய நாலு மணிக்குத் தொடங்கி மத்தியானம் முடியும்.

"என்ன பெரியம்மா, பிட்டு அப்பிடியே கிடக்கு. காலையில ஒருத்தரும் சாப்பிடல்லையா?"

அவள் கோட்டைக் கழற்றாமலே சொன்னாள். பங்குனி, ஆவணி, ஐந்து மாதம், நாலு மணி. அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கோப்பையை வழித்து முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தான்.

"அப்ப என்னாலதான் அவளுக்குச் சீட் போகப் போகுது."

"உன்னால எண்டு ஆரு சொன்னது?"

"பெரியப்பா சொல்ல மாட்டார். அவளும் சொல்ல மாட்டாள். அதான் நானே சொல்றன்." எழுந்து கையைக் கழுவினான். "நாலு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. வாங்க போவம்."

"எங்க மனே?"

"பொலிஸ்காரியிட்ட."

றோசலின் மறுக்கவில்லை. அவளுக்கும் மகளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப்போட வேண்டும் என்று கரட் வெட்டும்போதே முடிவு செய்திருந்தாள். ஒரு வருடப் படிப்புப் போனால் வேறொன்று படிக்கலாம். ஆள் போனால் என்ன செய்வது?

பஸ் தெருமுனையில் திரும்பியபோது, "அம்மா, கம்பியைப் பிடிங்க," என்றான் யோசெப்.

வீட்டுக்குள் பெரியம்மா, வெளியே அம்மா. விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாளில் செபமாலை சொல்லிக்கொடுத்த பாடம் அது. எந்த பஸ்ஸில் எந்தத் தமிழ்க் காது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மூன்று வருடத்தில் யோசெப் ஒரு தரமும் தவறவிட்டதில்லை. வாசற்படியைத் தாண்டும்போதே நாக்கும் மாறிவிடும்.

"உனக்குப் பயமில்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"டோர்வலில ஒரு பொலிஸ்காரன் காலையில கோப்பி குடிக்க எங்கட கிச்சினுக்கு வருவான் அம்மா. முதல் ஒரு மாசம் அவன்ட தொப்பியைக் கண்டா நான் குளிர் அறைக்குள்ள போய் நிப்பன். சூப்பர்வைசர் நினைச்சான் நான் ஐஸ்கிறீம் களவெடுக்கிறன் எண்டு."

"இப்ப?"

"இப்ப கோப்பி ஊத்திக் குடுக்கிறன். ரெண்டு சீனி போடுவான்."

மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன்வரை போய், அங்கிருந்து இன்னொரு பஸ். கல்லூரிக்குள் நுழையும்போது மூன்று இருபது. கந்தோர் இருந்த நீள நடையின் கடைசி வாங்கில் ஒரு பொலிஸ்காரி தனியாக இருந்தாள். றோசலினின் கால் தானாக நின்றது. காக்கி அல்ல, சாம்பல் நிறச் சட்டை. இடுப்பில் துவக்கும் இல்லை. என்றாலும் கால் நின்றுவிட்டது. பொலிஸ்காரி எழுந்து நின்று, "அம்மா," என்ற பிறகுதான் நகர்ந்தது.

"அணிநடைப் பாடம் இருந்தது," என்றாள் செலீன். "சட்டைதான் அம்மா. உள்ளுக்கு நான்தான்."

"தெரியும்," என்றாள் றோசலின். "கழுத்துப் பொத்தான் போடல்ல."

செலீன் பொத்தானைப் போட்டாள். தாள் வாங்கில் கிடந்தது. அந்த ஒரு வரி காலையில் இருந்தபடியே வெறுமையாக இருந்தது.

"குடுக்கல்லையா?" என்றான் யோசெப்.

"குடுக்கப் போறதில்ல. படிப்பை விடுறன் எண்டு கந்தோர்ப் பொறுப்பாளர் மடத்திட்டச் சொல்லத்தான் இருக்கிறன். உள்ளுக்கு ஆளோட கதைச்சுக்கொண்டிருக்கிறா."

றோசலின் வந்த வேலை முடிந்துவிட்டது. கிழிக்கக்கூடத் தேவையில்லை. திரும்பிப் பஸ் ஏற வேண்டியதுதான். ஆனால் செலீன் அதைச் சொன்ன விதம், கடையில் சாமானைத் திருப்பிக் கொடுக்கிறவள் மாதிரி இருந்தது. அழுதிருந்தால் தேற்றலாம். இதற்கு என்ன செய்வது என்று தாய்க்குத் தெரியவில்லை.

யோசெப் தாளை எடுத்தான். "இது என்ன சொல்?"

"உறவு முறை."

"இந்தப் பெட்டியள்?"

"சகோதரன். சகோதரி. கடைசி, மற்றது."

"மற்றது," என்றான். "அப்ப எனக்கெண்டும் ஒரு பெட்டி அடிச்சு வைச்சிருக்கிறாங்க. பேனையைத் தா."

"அண்ணா, விளையாடாத. இதை அவங்க குடிவரவுக்கு அனுப்பிப் பாப்பாங்க. உன்னைக் கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டு?"

"கேப்பாங்க, நீ ஆற்ற மகன் எண்டு."

"சொல்றன்."

"திருப்பி அனுப்பினா?"

யோசெப் பேனைக்காகக் கையை நீட்டியபடியே நின்றான். "கேட்டுட்டுத்தானே செலீன் அனுப்புவாங்க. அங்க ஊரில எண்டா கேக்காமக் கொண்டு போறாங்க. பெரியம்மா, நீங்களே சொல்லுங்க இவளுக்கு."

வீட்டுக்கு வெளியே அந்தச் சொல்லை அவன் சொன்னது அதுதான் முதல் தரம். நடையில் மாணவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

றோசலின் வாங்கில் இருந்தாள். தாளில் அவளுக்குத் தெரிந்தது தன் பெயர் மட்டும். அதற்குக் கீழே அகலமாக ஓர் இடம் விட்டிருந்தது.

"இந்த இடம் என்னத்துக்கு?"

"விளக்கம் ஏதும் இருந்தா எழுத."

"அப்ப மற்றது எண்டு மட்டும் எழுதி விடாத. பத்து வயசிலயிருந்து என்ட வீட்டில, என்ட கையால சாப்பிட்டவன் எண்டு எழுது."

"சாப்பிட்டவன் எண்டு இதில எழுத ஏலா அம்மா. எங்களோட வளர்ந்தவன் எண்டு எழுதலாம்."

"ரெண்டையும் எழுது."

"அம்மா—"

"உள்ளதைத்தானே எழுதச் சொல்றன்."

செலீன் தமையனைப் பார்த்தாள். அவன் பேனை கேட்ட கையை மடக்கிக்கொண்டு, நீயே எழுது என்பது போலத் தலையை ஆட்டினான். அவள் எழுதினாள். யோசெப்பின் தகப்பன் பெயரைக் கேட்டாள். அவன் எழுத்து எழுத்தாகச் சொன்னான். அவன் பிறந்த திகதியை உள்ளபடியே எழுதினாள். சூறாவளி என்பதற்குப் பிரெஞ்சில் என்ன என்று மட்டும் கொஞ்சம் யோசித்தாள். கையெழுத்து வைக்கும்போது யோசிக்கவில்லை.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மடம் யன்னலடிக்கு வந்தார். தாளை மேலிருந்து கீழே பார்த்தார். அந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது. வாங்கில் இருந்த பெண்ணையும் பக்கத்தில் நின்றவனையும் கண்ணாடிக்கு மேலால் ஒரு தரம் பார்த்து, ஏதோ கேட்டார். செலீன் பதில் சொன்னாள். முத்திரை விழுந்தது.

"என்னவாம்?" என்றாள் றோசலின்.

"சாப்பிட்டவன் எண்டு எழுதினது சரிதானா எண்டு கேட்டா. அம்மா அப்பிடித்தான் எழுதச் சொன்னவ எண்டன்."

"மறுகா?"

"பொலிசுக்குக் கேள்வி இருந்தா வீட்டுக்குக் கடிதம் வருமாம்."

மூன்று பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். "அப்பாவுக்கு ஆரு சொல்றது?" என்று மெட்ரோவில் செலீன் கேட்டாள். "நான் சொல்றன்," என்றாள் றோசலின். "சாப்பிட்ட பிறகு சொல்றன்." யோசெப் இரண்டு ஸ்டேஷனுக்கு நித்திரையாகிப்போனான். விடிய மூன்று மணிக்கு எழும்பினவன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது தேத்தண்ணி வாசனை வந்தது. செபமாலை அடுப்படியில் நின்றார். காலையில் போன மனிதர் வேறு, இது வேறு. முகம் கழுவி, தலை இழுத்து, புதுச் சேட்டுப் போட்டிருந்தார். மேசையில் நாலு கோப்பை.

"எல்லாரும் ஒண்டா வாறீங்க. நல்லது. இருங்க, இருங்க. செலீன், காலையில நான் சொன்னது பிழை புள்ள. வாய் தவறி வந்திட்டுது. அதுக்காக ஒரு வேலை செய்து முடிச்சிட்டுத்தான் வந்திருக்கிறன்."

றோசலின் ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தாள். மற்றது காலில் இருந்தது.

"மத்தியானத்தோட லீவு கேட்டுட்டு நேர டவுன்டவுனுக்குப் போனன், கனகசிங்கத்தாரிட்ட. மனிசன் கிச்சின் பின்கதவில வைச்சே கணக்கைத் தீர்த்திட்டார். ஐஞ்சு மாசம்தானே பிரச்சினை, அதைப் பதினேழு மாசமாக்கினாச் சரி எண்டார். போன கிழமை நாலு பேரும் கையெழுத்து வைச்சமே, அவரிட்டக் கிடந்த சிட்டிசன் படிவம், அதில யோசெப்புக்கு ஒரு வருசம் கூட்டியாச்சு. அறுபத்தெட்டில வெள்ளை மையைப் பூசி, அறுபத்தேழு. அவர்தான் எழுதினவர், அச்சு மாதிரி இருக்கு. அந்தக் கையோட தபாலிலயும் போட்டிட்டன். பதிவுத் தபால்."

சேட்டுப் பையிலிருந்து தபால் துண்டை எடுத்து மேசையில் விரித்து, கசங்கலை உள்ளங்கையால் நீவினார். யோசெப் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். செலீன் கோட்டின் பொத்தானில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நான் ஒரு நாளும் செய்யாத வேலை. பரவாயில்ல, கோயிலில சொல்லிக்கொள்ளலாம்," என்று செபமாலை கோப்பைகளில் தேத்தண்ணியை ஊற்றினார். "ஒரு நாள் பிந்தினா சீஜெப்பில ஒண்டும் சொல்ல மாட்டாங்க. உன்ட தாளை எடு புள்ள, அண்ணன் எண்டு இனிப் பயமில்லாம எழுதலாம்."